ஆள் சேர்க்கும் வேலைக்கு நாம் போகலாமா?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்

ஆண்டு மலரில் வழக்கமாக நம் சீனியர்கள் பாய்லர் பற்றியும், சி.என்.சி. மெஷின் பற்றியும், ஹைட்ராலிக்ஸ் பற்றியும் எழுதுவார்கள். நான் எடுத்துக்கொண்ட பாடம் சிலபஸில் இல்லை. ஆனால் சிலபஸ் முடிந்த மறுநாள் நம்மில் பலர் முன்னால் வந்து நிற்கப்போகிற பாடம் அது. டிப்ளமோ முடித்துவிட்டு மெஷின் பக்கம் போகாமல், மெஷினுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸில் போய் உட்காரலாமா? 'மேன்பவர்' என்றும் 'கன்சல்டன்சி' என்றும் போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த வேலை.

"மூணு வருஷம் படிச்சது ஆள் புடிக்கவா?" என்று ஹாஸ்டலில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். கேலி பேசுகிறவர்களிலேயே பாதிப் பேர் நாளைக்கு அந்த ஆபீஸ் வாசலில் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கத்தான் போகிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பதானாலும் அந்தப் பக்கம் உட்காருவதானாலும், அந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற மாதிரி இதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், ஏஜென்சி என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒரே தொழில் அல்ல. பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு கம்பெனிக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் தேவை என்று வையுங்கள். ஏஜென்சி தகுந்த ஆளைத் தேடிக் கொடுக்கிறது. அவர் கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் சேருகிறார். ஏஜென்சிக்கு ஒரே ஒரு தடவை கூலி. நம் நாட்டில் பரவலாகப் பேசப்படுகிற ரேட் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம். இதென்ன விசித்திரமான எண் என்று நானும் யோசித்தேன். நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், புரியும். ஒரு மாதச் சம்பளம்! மாதம் 18,000 ரூபாய் வேலைக்கு ஆள் கொடுத்தால் ஏஜென்சிக்கு ஏறக்குறைய 18,000. சேர்ந்தவர் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிட்டால் இன்னொரு ஆளைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆகவே இங்கே ஏஜென்சிக்கு நல்ல ஆளைக் கொடுப்பதில்தான் லாபம். தப்பான ஆளைத் தள்ளிவிட்டால் நஷ்டம் அவர்களுக்கே.

இரண்டாவது வகை நம் பகுதிக்கு நன்றாகத் தெரிந்தது. ஆள் வேலை செய்வது கம்பெனியில், சம்பளம் போடுவது ஏஜென்சி. ஒவ்வொரு மாதமும் தலைக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்கு மிச்சம். நூறு பேர், தலைக்கு 600 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் மாதம் 60,000 நின்று வருகிறது. இங்கே லாபம் எதில் என்றால், ஆள் எத்தனை நாள் நம் பெயரிலேயே இருக்கிறான் என்பதில். அவன் கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டால் ஏஜென்சிக்கு ஒரு தலை குறைகிறது. முதல் வகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? ஒன்றில் அவன் கரையேறினால்தான் காசு. மற்றொன்றில் அவன் கரையேறாத வரைக்கும் காசு.

மூன்றாவது, வெளிநாட்டுக்கு அனுப்புவது. நான்காவது, கப்பலுக்கு ஆள் எடுப்பது. இவற்றுக்குத் தனித்தனிச் சட்டம் இருப்பதால் பின்னால் வருகிறேன்.

ஆபீஸுக்குள் என்ன வேலை? பார்த்தால் சுலபம்போல இருக்கும், ஏ.சி. ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். கம்பெனியிடமிருந்து தேவை வரும். ஏட்டிலும் இணையத்திலும் இருக்கிற பெயர்களைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொருவராகப் போன் போட வேண்டும். அறுபது பேருக்குப் போட்டால் இருபது பேர் எடுப்பார்கள். பத்துப் பேர் வருகிறேன் என்பார்கள், ஆறு பேர் வருவார்கள், மூன்று பேர் தேறுவார்கள், வேலையில் சேருவது ஒருவரோ இருவரோ. எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் புனல் மாதிரி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பது எங்கும் ஒன்றுதான். மாதக் கடைசியில் டார்கெட். சேர்ந்த தலையைத்தான் எண்ணுவார்கள், போட்ட போனை அல்ல.

இதில் டிப்ளமோ படித்தவனுக்கு ஒரு பிடி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மணலி பக்கம் ரிஃபைனரியிலோ உரத் தொழிற்சாலையிலோ ஷட்டவுன் எடுத்தால் சில வாரங்களுக்கு மட்டும் ஃபிட்டர், ரிக்கர், வெல்டர், சாரம் கட்டுகிறவர் என்று கூட்டமாக ஆள் தேவைப்படும். மெடிக்கல், போலீஸ் சரிபார்ப்பு, பாதுகாப்பு வகுப்பு, கேட் பாஸ் எல்லாம் முடிந்துதான் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் தொழில் தெரியாத ஒருவர் போனில் கேட்பது, "வெல்டிங் தெரியுமா?" என்பதுதான். எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாம் கேட்பது வேறு. "ஆர்கான்ல ரூட் போடுவீங்களா அண்ணே? 6ஜி பொசிஷன் டெஸ்ட் அடிச்சிருக்கீங்களா?" பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்துவிட்டு, நாம்தான் சுற்றி வந்து பற்ற வைக்க வேண்டும் என்பது 6ஜி. அதைச் செய்தவர் பதில் சொல்லும்போதே தெரிந்துவிடும். தொழிலாளிக்கும் மரியாதை, கம்பெனிக்கும் வேலை ஓடும். ஆகவே நம் படிப்பு இங்கே வீணாகிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொறியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் முன்பே உண்டு. கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியலும், பிறகு ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யில் மேலாண்மையும் படித்த கே. பாண்டியராஜன் 1992-ல் சென்னையில் தொடங்கியதுதான் மா ஃபா நிறுவனம். ஆள் தேடிக் கொடுக்கும் தொழிலை வைத்து அது இந்தியா முழுக்கப் பரவி, கடைசியில் நெதர்லாந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர் பின்னாளில் தமிழக அமைச்சராகவும் இருந்தார். தாராளமயம் வந்த அந்தச் சமயத்தில் புதுக் கம்பெனிகளுக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது, ஆளுக்கோ கம்பெனி எங்கே இருக்கிறது என்று தெரியாது. நடுவில் நிற்பவனுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது.

நிற்க. நடுவில் நிற்பவனுக்கு நம் மண்ணில் ஒரு பழைய பெயர் உண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பாடம் முடியாது.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 342 பேரை இறக்கியது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள். அப்போது இங்கே செயற்கைத் துறைமுகம்கூட இல்லை. கரையிலிருந்து மசூலாப் படகில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். நாம் தினமும் பஸ்ஸில் போகிற கடற்கரை ரோட்டுக்குப் பக்கத்துக் கடல்தான் அது. அவர்களை ஊர் ஊராகப் போய்த் திரட்டியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் வேறு முறை, கங்காணி முறை. கங்காணி வெளியாள் அல்ல என்பதுதான் இதில் முக்கியம். தோட்டத்தில் வேலை பார்த்தவனையே துரை பணம் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவான். அவன் தன் தெருவில், தன் சாதிசனத்தில், மாமன் மச்சான் முறையில் ஆளைத் திரட்டிக்கொண்டு போவான். முன்பணம் கொடுப்பான், கொடுத்ததைக் கணக்கில் எழுதுவான். இலங்கையில் அந்தக் கடன் ஒரு 'துண்டு'ச் சீட்டில் ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதுத் துரை அந்தத் துண்டின் கடனைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். அதாவது ஆளோடு கடனும் கைமாறும். இது போக, அன்றன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்கு ஒரு சிறு தொகை. அதற்குத் 'தலைக்காசு' என்று பெயர். மேலே சொன்னேனே, இரண்டாவது வகை ஏஜென்சிக்கு மாதா மாதம் தலைக்கு நின்று வருகிற காசு, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துண்டு முறையை 1921-ல் இலங்கைச் சட்டம் ஒழித்தது. 1922-ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. உடலுழைப்புக் கூலிகளை அனுப்புவதை 1938-ல் மலேயாவுக்கும், 1939-ல் இலங்கைக்கும் இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பஞ்ச காலத்தில் கங்காணி கொண்டுபோனதால் பிழைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அவர் விற்ற சரக்கு என்ன? ஊர்க்காரன் அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை. அதைத்தான் துரை காசு கொடுத்து வாங்கினான்.

உள்ளூரிலும் இதே ஆள் வேறு பெயரில் இருந்தார். மில்லில் மேஸ்திரி, பம்பாயில் ஜாபர். வேலைக்கு எடுப்பது, வேலை வாங்குவது, வேலையை விட்டு நிறுத்துவது மூன்றும் ஒரே கையில். அதனால் சேருவதற்கு மாமூல், லீவுக்கு மாமூல், திரும்பி வருவதற்கும் மாமூல். விட்லி தலைமையில் வந்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் தந்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசர் என்று ஒருவரிடம் கொடுங்கள் என்று சொன்னது. இன்றைக்கு நாம் எச்.ஆர். என்று பயபக்தியோடு சொல்கிறோமே, அந்த நாற்காலிக்கு இந்தியாவில் ஒரு வேர் இங்கே இருக்கிறது. லஞ்சத்தை ஒழிக்கப் போடப்பட்ட நாற்காலி!

துறைமுகத்திலும் அப்படியே. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. யாரைக் கூப்பிடுவது என்பது மேஸ்திரியின் விரல் நுனியில். அதே கமிஷன் இந்த அன்றாடங்காய்ச்சி நிலையை மாற்றச் சொன்னது. 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, அதன்படி வாரியங்கள் அமைந்தன. பெயரைப் பதிவு செய்து, முறை வைத்து வேலைக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் ஒரு படி கிடைத்தது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் பெரியவர்கள் "போர்டு வேலை" என்று இன்றும் பெருமையாகச் சொல்வது இதைத்தான். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ஆள் சேர்க்கும் ஏஜென்சிதானே! தலைக்காசு எடுக்காத ஏஜென்சி.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1970-ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த 20 என்பது 50 ஆகிவிட்டது. சின்னச் சின்ன மேன்பவர் ஆபீஸ்கள் பல இதனால் லைசென்ஸ் வளையத்துக்கு வெளியே போய்விடும். ஆனாலும் கான்ட்ராக்டர் சம்பளம் போடாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்ற விதி அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. பி.எஃப்.புக்கு நம் சம்பளத்தில் 12 சதவீதமும், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடிப்பார்கள். பிடித்தது கட்டப்பட்டதா என்று போனிலேயே பார்க்கலாம். எங்கள் தெருவில் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 1981-ம் வருஷத்து நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நண்பர்களே, இந்த 480 என்ற எண்ணை ஃபார்முலா மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏனென்றால் நாம் மறந்தாலும் ஏஜென்சிக்காரர் மறக்க மாட்டார். என் அப்பா பதினான்கு வருஷமாக ஒரே கன்டெய்னர் யார்டுக்குத்தான் போகிறார். அதே கேட், அதே ஷிஃப்ட், அதே டீக்கடை. ஆனால் அவருடைய அடையாள அட்டையில் கான்ட்ராக்டர் பெயர் ஐந்து தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகச் சேர்ந்தவர்! பதினான்கு வருஷத்து அட்டைகளை அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்து வெளிநாடு. நம் பையன்களுக்குத் துபாய், கத்தார், சிங்கப்பூர் என்றால் காது நிமிரும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவுக்குப் பெரிய ஏஜென்ட்டானால் 50 லட்ச ரூபாய் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். ஆளிடம் வாங்கும் சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். அதைக் கொடுக்கும்போது ரசீது கேட்க வேண்டும். நம் ஏரியாவில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று காதில் விழுகிறதே என்கிறீர்களா? மீதி எங்கே போகிறது என்பதற்குத்தான் ரசீது கிடையாது.

பெரும்பாலும் அது சப்-ஏஜென்ட் என்கிற சங்கிலியில் கரைகிறது. எழும்பூரிலோ மண்ணடியிலோ பதிவு பெற்ற ஆபீஸ் இருக்கும், அதற்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே நம் தெருவில் ஒரு அண்ணன். அந்தத் தெரு அண்ணனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவில்லாமல் ஆள் எடுப்பதற்கு இரண்டு வருஷம் வரை ஜெயில். அபராதம் 2,000 ரூபாய் வரை. ஒரு தலைக்குக் கிடைக்கிற கமிஷனை விட அபராதம் குறைவாக இருக்கிற சட்டம் எப்படிப் பயமுறுத்தும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஏமாற்றிவிட்டதாக யாராவது புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவில் மோசடி வழக்கும் சேரும். மாட்டுவது முதலில் யார்? போன் நம்பர் தெரிந்தவன், வீடு தெரிந்தவன், பணத்தைக் கையில் வாங்கியவன். அதாவது தெரு அண்ணன். 'பார்ட் டைமா பண்ணு தம்பி, ஆள் மட்டும் காட்டு' என்று யாராவது நம்மைக் கூப்பிட்டால் அவர் கொடுப்பது இந்த நாற்காலியைத்தான்.

டிப்ளமோ மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அதற்காக அவர்களுடைய ஒப்பந்தத்தை, சம்பளத்தை அரசு அலுவலகம் ஒரு தடவை பார்க்கும். பத்தாம் வகுப்பு தேறிய நமக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன், தானே பார்த்துக்கொள்வான் என்பது அரசாங்கத்தின் நினைப்பு. பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் ஒப்பந்தத்தை வேறு யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்பதும் அதே விதிதான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்தார்களே, 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டதே, அதில் சிக்கியது படித்த பையன்கள்தான். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் இருந்தார்கள்.

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க ஷிப்பிங் டைரக்டர் ஜெனரல் தரும் ஆர்.பி.எஸ்.எல். என்ற லைசென்ஸ் வேண்டும். அங்கே விதி இன்னும் கறார். வேலை வாங்கித் தருவதற்குக் கடலோடியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. செலவு கப்பல்காரருடையது. உலகத் தொழிலாளர் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த 181-வது உடன்பாடும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக இதையே சொல்கிறது: தொழிலாளியிடம் நேராகவும் மறைமுகமாகவும் கட்டணம் கூடாது. இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. தமிழக அரசே 1978-ல் வெளிநாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கி இன்றுவரை நடத்தி வருகிறது. அது இருப்பதே நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

இத்தனையும் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். எங்கள் மாத்தூர் பக்கம், 200 அடி ரோட்டில் இருக்கும் ஒரு மேன்பவர் ஆபீஸில் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு லீவில் அங்கே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றப் போனேன், அந்தப் பழக்கம். மாதம் 14,000 சம்பளம். அதற்கு மேல், நான் கொண்டுவந்து சேர்க்கிற ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய். மேனேஜர் நல்ல மாதிரி, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். "நீ மாத்தூர் பையன்பா. எம்.எம்.டி.ஏ.ல யார் வீட்ல யார் சும்மா இருக்கான்னு உனக்குத் தெரியும். எங்க நோட்டீசைப் பார்த்து வராதவன் நீ கூப்ட்டா வருவான்" என்றார்.

பாராட்டுதான். ஆனால் கங்காணி முறையைப் படித்துவிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. மூன்று வருஷத்தில் நான் கற்ற டிராயிங்கோ, மெட்ராலஜியோ, 6ஜி பற்றிய கேள்வியோ அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது என் போனில் இருக்கிற முந்நூறு பெயர்கள்.

வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான், அதனால் ஏ.சி. ரூம் வேலை என்றதும் அம்மா முகம் மலர்ந்தது. அப்பா சாப்பிட்டு முடிக்கிற வரை பேசவில்லை. பிறகு, "வேலைக்குப் போறது தப்பு இல்லடா. ஆனா நம்ம தெருவுல ஆள் எடுக்காத" என்றார். அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார்.

அப்பாவோடு நான் இதில் முழுக்க ஒத்துப்போகவில்லை. வேலை ஒழுங்கானது என்றால் நம் தெருப் பையனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? ஒழுங்கில்லாதது என்றால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் ஏறி வருகிற பையனுக்கு மட்டும் எப்படிக் கொடுக்கலாம்? அவனுக்கும் ஒரு தெரு இருக்கும். அவன் தெருவிலும் ஒருவன் தலைக்கு 500 வாங்கியிருப்பான். ஆனால் அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஏமாந்தவன் தினமும் நம் வாசல் வழியாகத்தான் தண்ணி பிடிக்கப் போவான். ஆபீஸ் பெயரை மாற்றிக்கொள்ளும், நான் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது.

ஆகவே வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு முன், திரும்பிப் போய் மேனேஜரிடம் மூன்று கேள்வி கேட்டேன். வேலைக்கு வரும் ஆளிடம் ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டெபாசிட் என்று எந்தப் பெயரிலாவது பணம் வாங்குவீர்களா? பிடித்த பி.எஃப். கட்டின விவரத்தை மாதா மாதம் ஆளுக்கே காட்டுவீர்களா? 480 நாள் நெருங்கும்போது என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு, "யூனிஃபார்ம், ஷூவுக்கு மட்டும் ஆயிரத்து ஐநூறு" என்றார். இரண்டாவதற்கு, "கேட்டா காட்டிடலாம்" என்றார். மூன்றாவது கேள்விக்குச் சிரித்தார். "நீ யூனியன்ல இருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் சார், காலேஜ் யூனியன் என்றேன்.

வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, ரிசல்ட் வந்ததும் சொல்லு என்றிருக்கிறார். இதற்கிடையே நான் செய்திருப்பது வேறு. தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழில்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சி உண்டு. 1961-ம் வருஷத்துச் சட்டப்படி உதவித்தொகையோடு கிடைப்பது. நடுவில் யாருக்கும் கமிஷன் கிடையாது, நேராக இணையத்தில் பதிந்துவிடலாம். அதில் பெயர் பதிந்திருக்கிறேன். எங்காவது ஒரு பிளான்ட்டில் மெயின்டனன்ஸ் பக்கம் ஒரு வருஷம் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் யோசனை. ஆள் எடுக்கிற வேலைக்குத்தான் பிறகு போவதென்றாலும், முதல் வகை ஆபீஸாகப் பார்த்துப் போகலாம். கம்பெனியிடம் கூலி வாங்கி, ஆளிடம் வாங்காத ஆபீஸ். அங்கே என் போனில் இருக்கிற பெயர்களைவிட நான் கேட்கத் தெரிந்த கேள்விக்கு விலை இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் வகுப்பிலேயே இன்னும் நான்கு பேருக்கு இதுபோல அழைப்பு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருவனுக்குக் கப்பல், ஒருவனுக்குக் கத்தார், மற்ற இருவருக்கும் இங்கேயேதான். கப்பல்காரன் ஆர்.பி.எஸ்.எல். நம்பரை ஷிப்பிங் டைரக்டர் ஜெனரலின் இணையத்தில் போட்டுப் பார்க்கட்டும். கத்தார்காரன் ஏஜென்ட்டின் பதிவை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கட்டும், பதிவு காலாவதியான ஏஜென்ட்டா என்பதும் அதிலேயே தெரியும். இரண்டுக்கும் பத்து நிமிஷம் போதும், நம் லைப்ரரி கம்ப்யூட்டரே போதும். பணம் கட்டச் சொன்ன தேதி இந்த மாதக் கடைசி என்று சொன்னார்கள். சனிக்கிழமை மத்தியானம் லேப் கிடையாது. யூனியன் ரூமில் நான் இருப்பேன், ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.